பட்ட கட்டையில் பச்சை மரம்: பொன்சாயில் காடி வெட்டிப் பொருத்தும் முறை

பனங்காணிப் பக்கம் போனால் ஆலமரம் ஒன்று பனையைக் கட்டிப்பிடித்து நிற்பதைக் காணலாம். ஆலம்பழம் தின்ற குருவி பனையின் பழைய மட்டை இடுக்கில் எச்சம் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அங்கே சேர்ந்த குப்பையிலும் ஈரத்திலும் விதை முளைக்கும். வேர் பனையின் உடம்பைத் தடவிக்கொண்டு கீழே இறங்கி நிலத்தைத் தொட்டதும் ஆல் தடிக்கத் தொடங்கிவிடும். கன வருசம் கழித்துப் பார்த்தால் பனை உள்ளே, ஆல் வெளியே. கிட்டப் போய்ப் பாருங்கள். ஆலின் பட்டையும் பனையின் உடம்பும் எந்த இடத்திலும் ஒன்றாகியிருக்காது. ஆல் பருத்து நெருக்கியதுதான் அங்கே உள்ள பிடி.

சட்டியில் மரத்தைச் சிறிதாக வளர்க்கும் கலையான பொன்சாயில் பட்ட கட்டையோடு உயிர்மரத்தைச் சேர்ப்பதும் இதே வேலைதான், கைக்கு அடக்கமான அளவில். வயதேறி வெளிறி முறுகிப்போன ஒரு கட்டையை எடுத்து, அதில் நீளவாக்கில் ஒரு காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டி, அதற்குள் பென்சில் தடிப்புள்ள இளங்கன்றைப் படுக்கவைத்துக் கட்டுகிறோம். கன்று பருத்துக் காடியை நிரப்பி விளிம்பையும் கவ்விக்கொண்டதும் கட்டு தேவையில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது பாதி பட்டு, பாதி உயிரோடு நிற்கும் கிழட்டு மரம்.

ஜப்பானில் இப்படிச் செய்த மரத்துக்குத் 'தனுக்கி' என்று பட்டப்பெயர். தனுக்கி நாய்க்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு. அந்நாட்டுக் கதைகளில் அது உருமாறி ஆட்களை ஏய்க்கும், தேநீர்க் கேத்திலாகக்கூட மாறும். ஏமாற்று மரம் என்ற கேலிதான் பெயரில் இருக்கிறது, சம்பிரதாயமான கண்காட்சிகளிலும் இதற்கு மதிப்புக் குறைவு. மரியாதையாகச் சொல்ல விரும்பிய மேற்கு நாட்டார் 'பீனிக்ஸ் ஒட்டு' என்று வேறொரு பெயர் வைத்தார்கள். அதில் 'ஒட்டு' என்ற சொல்தான் பிழை.

மாமரத்தில் ஒட்டுக் கட்டும்போது இரண்டு பக்கமும் உயிருள்ளது. பட்டைக்கு உள்ளே வழுவழுப்பாக இருக்கும் மாறிழையம் மாறிழையத்தைத் தொட்டு, இரண்டும் கலங்களைப் பெருக்கி ஒன்றாகிவிடும். பட்ட கட்டையில் மாறிழையம் ஏது? கட்டையோடு சேர்வதற்குக் கன்றுக்கு ஒரு வழியும் இல்லை. அதனால் செய்யக்கூடியது பருப்பது மட்டுமே: மாறிழையம் உட்புறம் காழையும் (தண்ணீர் ஏற்றும் இழையம்) வெளிப்புறம் உரியத்தையும் (உணவு கடத்தும் இழையம்) வைத்துக்கொண்டே போகும், தண்டு தடிக்கும், தடிக்க இடமில்லாத பக்கத்தில் நெருக்கும், இடமுள்ள பக்கத்தில் பிதுங்கும். காடியின் வடிவம் அந்தப் பிதுக்கத்தைப் பூட்டாக மாற்ற வேண்டும். புதிதாகச் செய்பவர்களின் முயற்சிகளில் பெரும்பாலானவை கெடுவது காடியில்தான். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அதற்கே கூடுதல் இடம்.

எந்தக் கன்று

படங்களில் பார்க்கும் தனுக்கி மரங்களில் பெரும்பாலானவை ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம். அதற்குக் குளிர்காலம் வேண்டும். நுவரெலியாவில் முயன்று பார்க்கலாம், யாழ்ப்பாண வெயிலில் அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

இங்கே கைகொடுப்பது இத்தி, குறிப்பாகச் சிறிய தடித்த இலையுள்ள கல்லிச்சி. வேகமாகப் பருக்கும், வெட்டுக்காயத்தைச் சீக்கிரம் மூடும், விழுது விடும், தண்ணீர் ஒருநாள் தவறினாலும் மன்னிக்கும். இரண்டு மூன்று கன்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று உண்மையாகவே ஒட்டி ஒரே அடிமரமாகிவிடும். ஆலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் இலை பெரிது; இரண்டடிக்குக் குறைந்த கட்டையில் பொருத்தம் கெடும். அரசின் நீண்ட இலைக்காம்பு சின்ன உருவத்துக்குச் சரிவராது. புளி அழகானது, ஆனால் பருக்க மெத்தச் சுணங்கும். போகன்விலாவின் தண்டு வளைக்கும்போது முறியும்.

கன்று தேடி அலையவும் வேண்டாம். கிணற்றுக் கட்டின் உட்சுவர் வெடிப்பில் முளைத்த இத்தி வெளிச்சத்தை நோக்கி நீண்டு மெலிந்து வளர்ந்திருக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே: ஒன்றரை முதல் மூன்றடி வரை நீளம், 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பு, வளையும் தண்டு. வேரோடு பிடுங்க முடியாவிட்டால் அதே அளவு தடியை வெட்டி நட்டாலும் வேர்விடும். பொருத்துவதற்கு முன் ஆறு மாதமாவது சட்டியில் நின்று வேர்க்கட்டு நிறைந்திருக்க வேண்டும்.

எந்தக் கட்டை

கட்டை கன்றைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிக்க வேண்டும். பாலை, முதிரை, கருங்காலி, வைரம் பாய்ந்த பூவரசு ஆகியவை நல்லவை. வேம்பின் வைரமும் பரவாயில்லை. புளியங்கட்டையில் நடுவைரம் சிறிது. வெளியே உள்ள வெள்ளைப்பகுதி கெதியில் உளுக்கும். முருங்கை, கிளுவை, முள்முருங்கை அடுப்புக்கும் உதவாதவை, இதற்கும் உதவா. பனையிலும் கைவைக்க வேண்டாம்: வெளிவைரம் ஈர்க்கு ஈர்க்காகப் பிளக்கும், உள்ளே இருக்கும் சோற்றி தண்ணீரைக் குடித்து உக்கிவிடும். முதலில் சொன்ன ஆல்–பனைக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பனந்துண்டில் தொடங்குகிறவர்கள் உண்டு, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரக்காலையிலும் விறகுக் குவியலிலும் யாரும் வாங்காத வேர்முண்டுகள் கிடக்கும். அவற்றில் முறுக்கும் துவாரமும் உள்ளதைப் பார்த்து எடுங்கள். நேரான துண்டு எவ்வளவு வைரமாக இருந்தாலும் மேசைக்கால் மாதிரித்தான் தெரியும். தொடக்கத்துக்கு 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரம், அடியில் ஒரு சாண் அகலம் போதும். காட்டில் கிடக்கும் கட்டையை அனுமதி இல்லாமல் எடுத்துவந்து வம்பில் மாட்ட வேண்டாம்.

நகத்தால் அழுத்துங்கள்; பதிந்தால் அது உக்கல். கொட்டாப்புளியால் தட்டுங்கள், கணீரென்றால் எடுக்கலாம், பொத்தென்றால் வைத்துவிடலாம். சிறு துளைகளில் இருந்து மாப்போலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு வேலை செய்கிறது.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டைக்குத் தனி அழகு. அலை அதை வேண்டியபடி அரித்துக் கொடுத்திருக்கும். உள்ளே உப்பும் இருக்கும். அது மண்ணுக்குள் கசிந்தால் இலை நுனி கருகிக் கன்று பட்டுப்போகும். பீப்பாயில் மழைத்தண்ணீர் விட்டு அமிழ்த்தி, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று மாதம் ஊறவையுங்கள். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க, கடைசியாக ஊறிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர்த் தட்டில் வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் இன்னும் ஊற வேண்டும். ஊறவைப்பதற்குக் கிணற்றுத்தண்ணீரைப் பாவித்தால் இந்தச் சோதனை பொய்த்துவிடும். நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் உப்பில்லாவிட்டாலும் வெள்ளைப் படிவு விடும்.

மாதங்களை இப்படி அமைத்துக்கொள்வது வசதி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையே கட்டையைக் கழுவட்டும். தையில் வெயிலில் காயப்போடுங்கள். மாசி, பங்குனியில் பொருத்துங்கள்: மழை விட்டிருக்கும், சூடு ஏறத் தொடங்கியிருக்கும், இத்தி துளிர்க்கும் மனநிலையில் இருக்கும். சோளகம் பிடித்து வீசும் நாட்களில் பொருத்தினால் கலைத்த வேர் காற்றிலேயே காய்ந்துவிடும். அடைமழையில் பொருத்தினால் காடிக்குள் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

காடி

முதலில் கன்றைக் கட்டையின் மேல் வைத்து, அது எந்த வழியாக ஏற வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கள். முன்பக்கம் நடுவே நேராக ஏற்றினால் கட்டையில் குழாய் பொருத்தியது போல இருக்கும். அடியில் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தொடங்கி, கட்டையின் முறுக்கைப் பின்பற்றிச் சுற்றிக்கொண்டு, மேலே ஒரு கிளை புறப்படக்கூடிய இடத்தில் முடிய வேண்டும். கட்டையில் ஏற்கெனவே வெடிப்போ பள்ளமோ இருந்தால் அதுவே வழி.

இனி அளவு. தண்டு 8 மில்லிமீற்றர் என்றால் காடியின் வாயும் 8, ஆழமும் 8 தொடக்கம் 9. தண்டின் முதுகு கட்டையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். ஆழம் கூடினால் தண்டு குழிக்குள் புதைந்து, வெளியே பிதுங்கி வர இரண்டு வருசம் வீணாகும். குறைந்தால் தண்டு கட்டைக்கு மேலே ஏறி நிற்கும். பருத்தாலும் வெளிப்பக்கமாகவே பருக்கும், பூட்டு விழாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது உள்வடிவம். பானையை நினைத்துக்கொள்ளுங்கள்: வாய் ஒடுக்கம், வயிறு அகலம். வாய் 8 என்றால் உள்ளே அடியில் 11 வரை அகலட்டும். தண்டு உள்ளே அந்த வயிற்றை நிரப்பிய பிறகு வாய் வழியாக வெளியே வர முடியாது. வெளியே வளர்ந்த பகுதியும் விளிம்பின் மேல் உருண்டு படியும். உள்ளே ஒரு தடிப்பு, வெளியே ஒரு தடிப்பு, நடுவில் கட்டையின் விளிம்பு. சட்டைப் பொத்தான் துளையில் நிற்பது போல மரம் நின்றுவிடும். நேர்ச்சுவராக வெட்டிய காடியில் இந்தப் பிடி இல்லை. மூன்று வருசம் கழித்தும் காய்ந்த நாளொன்றில் கட்டை சுருங்க, தண்டு அப்படியே கழன்று முன்னே வந்துவிடும்.

வெட்டுவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கோட்டின் நெடுக 6 மில்லிமீற்றர் ட்றில் அலகால் நெருக்கமாகத் துளையிடுங்கள். ஆழம் தவறாமல் இருக்க அலகில் 8 மில்லிமீற்றரில் ரேப் ஒன்றைச் சுற்றிக்கொள்ளலாம். பிறகு 6 மில்லிமீற்றர் உளியால் இடைச்சுவர்களை எடுத்துவிடுங்கள். வயிற்றை அகட்டுவதற்கு உளியைச் சரித்துப் பிடித்து இரண்டு பக்கச் சுவரையும் அடியில் குடைய வேண்டும். சிறு உருண்டை அலகு பூட்டிய கைக்கருவி இருந்தால் அரை மணியில் முடியும். பாலைக் கட்டையில் உளி அடிக்கடி மழுங்கும். சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கட்டையை மடியில் வைத்து வெட்டாதீர்கள், பலகையில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

காடியின் கால்பக்கம் மேலே உள்ளதைவிட இரண்டு மடங்கு அகலமாக விரியட்டும். வேர்கள் அங்கிருந்துதான் பிரிந்து இறங்கும். கட்டையின் அடிப்பக்கத்தையும் கொஞ்சம் குடைந்து வேர்க்கட்டுக்கு இடம் விடுங்கள்.

கட்டையை வெண்மையாக்க விரும்பினால் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூச வேண்டிய நேரமும் இதுவே, கன்று ஏறுவதற்கு முன். சம அளவு மழைத்தண்ணீர் கலந்து, வெட்டவெளியில், கையுறையோடு பூசுங்கள். அழுகிய முட்டை மணம் அடிக்கும். முதலில் மஞ்சளாகத் தெரிவது வெயில் பட்டுக் காய்ந்தபின் வெளுக்கும். முந்திரிகை (திராட்சை)த் தோட்டத்தில் தெளிக்கும் கந்தகத் தூளைக் கரைத்துப் பூசினால் இந்த வேலை நடக்காது, அது வேறு பொருள். கட்டையின் அடியில் மட்டும் இரண்டு தடவை எபொக்சி பூசி உலரவிடுங்கள். வேலிக்கதியாலுக்குச் செய்வது போலத் தாரோ பழைய என்ஜின் ஒயிலோ பூசிவிடாதீர்கள். கறையான் வராதுதான், வேரும் வராது.

பொருத்துதல்

முதல்நாள் கன்றுக்குத் தண்ணீர் விடாதீர்கள். சற்றே தளர்ந்த தண்டு முறியாமல் வளையும். காடிக்குள் போகும் பகுதியில் உள்ள கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டு, பால் வடிவதை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உச்சிக்கிளைகளைத் தொட வேண்டாம்.

தண்டின் பின்புறப் பட்டையைச் சீவ வேண்டும் என்று ஜூனிப்பர்க்காரர்கள் சிலர் சொல்வார்கள். இத்திக்கு அது வேண்டாம். சீவிய பக்கம் கட்டையோடு ஒட்டி ஈரத்தில் கிடந்தால் முதல் மாரியிலேயே அழுகல் பிடிக்கும். இரண்டு கன்றுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் இரண்டிலும் மெல்லிய கீற்றாகப் பட்டையைச் சீவிச் சேர்த்துக் கட்டுங்கள். அது உண்மையான ஒட்டு.

காலில் தொடங்கி மேலே போக வேண்டும். வேர்க்கட்டினை அடியில் இருத்தி, பெருவிரலால் தண்டை அங்குலம் அங்குலமாகக் காடிக்குள் அழுத்திக்கொண்டே வாருங்கள். வாய் சரியான அளவென்றால் தண்டு 'டொக்' என்று உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும். பட்டை சிராய்த்தால் விளிம்பை அரத்தால் மென்மையாக்குங்கள், தண்டைச் சீவாதீர்கள். வளைவுகளில் தண்டு துள்ளி வெளியே வரப் பார்க்கும். அந்த இடங்களில் தண்டுக்குக் குறுக்கே ஒரு விரல் நீள மரச்சில்லை வைத்து, அதன் இரண்டு முனையையும் கட்டையில் திருகாணியால் இறுக்குங்கள். சில்லுக்கும் தண்டுக்கும் நடுவில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று. தண்டின் ஊடாகவே திருகாணியை ஏற்றுகிறவர்களும் உண்டு. 8 மில்லிமீற்றர் தண்டில் 3 மில்லிமீற்றர் ஆணி ஏறினால் சாறு போகும் வழியில் பெரும்பங்கு அடைபடும், அதனால் தொடக்ககாரருக்குச் சில்லு முறையே நல்லது. ஆணி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். இரும்பு கட்டையில் கறுப்புக் கறை விடும், பித்தளை கந்தகக் கரைசல் பட்டால் கறுத்துவிடும்.

இனி இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய சைக்கிள் ரியூப் பட்டியால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும், பட்டைக்குக் காற்றுப் பட வேண்டும். காடிக்கும் தண்டுக்கும் இடையில் சந்து தெரிந்தால் சிமெந்தோ மரத்தூள் பசையோ வைத்து அடைக்கத் தோன்றும். அடைத்தால் அங்கே தண்ணீர் தேங்கும், தண்டு பருக்க வேண்டிய இடமும் போய்விடும். அந்தச் சந்தை நிரப்புவது மரத்தின் வேலை.

சட்டி அகலமானதாக, 15 சென்ரிமீற்றர் ஆழமாவது உள்ளதாக இருக்கட்டும். பழைய பிளாஸ்ரிக் பேசினில் துளையிட்டாலும் போதும். அழகுச்சட்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது. 3 தொடக்கம் 6 மில்லிமீற்றராக உடைத்த கூரை ஓடு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. கடற்கரை மணல் கூடாது. தனிச் செம்பாட்டு மண் சட்டிக்குள் இறுகிவிடும். கட்டையின் அடியை மண்ணில் புதைக்காமல் ஓட்டுத்துண்டின் மேலோ தட்டையான கல்லின் மேலோ நிறுத்தி, சட்டியின் துளை வழியாகக் கம்பி கொடுத்துக் கட்டுங்கள். கட்டை அசைந்தால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

முதல் வருசம்

மூன்று நான்கு வாரம் நிழலில். இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், இத்தியின் பழக்கம் அது. தண்டை நகத்தால் கீறிப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில்.

இந்தக் கட்டத்தில் கத்தரிக்கோலை ஒளித்துவைப்பது நல்லது. உச்சியை வெட்டி உருவம் கொடுக்கக் கை துறுதுறுக்கும். தண்டு பருப்பது மேலே உள்ள இலைகள் அனுப்பும் உணவால்; மேலே வெட்டினால் கீழே பருமன் நின்றுவிடும். கிளைகள் இரண்டடி மூன்றடி நீண்டு அலங்கோலமாகத் தெரிந்தாலும் விடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கைச் சட்டி விளிம்போரமாகப் போடலாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரியூப் பட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பட்டையில் தடம் விழத் தொடங்கியிருந்தால் கழற்றி இடம்மாற்றிச் சுற்ற வேண்டும். தண்டு பருக்கும் வேகம் பார்ப்பவரை ஏமாற்றும். இரண்டு மாதம் மறந்திருந்தால் பட்டி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே உள்ள பகுதி வீங்கி, கீழே உள்ளது மெலிந்து கிடக்கும்.

விழுது வந்தால் அதிர்ஷ்டம். குளிர்பானம் குடிக்கும் ஸ்ரோவை நீளவாக்கில் கீறி, ஈரத் தும்புத்தூள் நிரப்பி, விழுதை அதற்குள் விட்டு, கட்டையின் வெடிப்பு ஒன்றின் வழியாக மண்வரை இறக்கிவிடுங்கள். மண்ணைத் தொட்டதும் அது தடிக்கும். மலைச்சிகரத்து ஜூனிப்பரை இத்தியில் போலிசெய்வதைவிட இது எவ்வளவோ மேல். இத்தியின் சொந்தக் கட்டை மெதுமையானது. அது வெள்ளையாக நூறு வருசம் நிற்கும் என்று மரம் தெரிந்த எவரும் நம்பமாட்டார். ஆனால் பட்ட முதிரையை இத்தி தழுவி நிற்பது நம் ஊரில் நடக்கக்கூடிய காட்சி. அங்கே ஏய்ப்பு என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கறையானுக்கு, சட்டி வைக்கும் மேசையின் கால்களைப் பழைய அலுமாரிக்குச் செய்வது போலத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். தண்ணீரில் கல்லுப்பைத் தாராளமாகக் கரைத்து, வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு குடியேறும். கிணற்றுத்தண்ணீரைக் கட்டையின் மேல் ஊற்றாமல் மண்ணுக்கே விடுங்கள். மேலே ஊற்றினால் சில மாதத்தில் சாம்பல் நிறத்துச் சுண்ணப்படிவு ஏறும், தேய்த்தாலும் லேசில் போகாது.

கட்டு அவிழ்ப்பது

ஒன்றரை வருசம் அளவில் காடியின் விளிம்பை உற்றுப் பாருங்கள். தண்டின் இரண்டு ஓரமும் உருண்டு, கொதித்த பால் பாத்திர விளிம்பில் வழிவதற்கு முன் நிற்பது போலக் கட்டையின் மேல் சாய்ந்திருந்தால் பூட்டு விழுந்துவிட்டது. தண்டுக்கும் கட்டைக்கும் நடுவில் நகம் நுழையக்கூடாது. நுழைந்தால் இன்னும் ஒரு மழைக்காலம் காத்திருங்கள்.

சில்லுகளை ஒரே நாளில் கழற்ற வேண்டாம். மேலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றி, ஒரு மாதம் பார்த்து, தண்டு அசையாவிட்டால் மீதியை எடுங்கள். காலடியில் உள்ளது கடைசி. மரம் விழுங்கிவிட்ட சில்லைக் கிண்டி எடுக்கப் போகாதீர்கள். திருகாணியை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருக்க விடுங்கள்.

அதற்குப் பிறகுதான் நீண்ட கிளைகளைக் குறைத்து உருவம் கொடுக்கத் தொடங்கலாம். மூன்றாம் வருசத்து மாசியில் சட்டி மாற்றும்போது கட்டையைச் சரித்து அடிப்பக்கத்தைக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். மெதுமையாக இறங்கினால் அந்தப் பகுதியைக் கெட்டி தெரியும்வரை சுரண்டி, ஒரு வாரம் காயவிட்டு, திரும்ப எபொக்சி பூச வேண்டும். அந்த ஒரு வாரமும் வேர்க்கட்டினை ஈரச்சாக்கால் சுற்றி நிழலில் வைத்திருங்கள்.